வலது பாதி

"அண்ணி, கையில கட்டு இன்னும் பிரிக்கலையே, ஊசியைப் பிடிக்க வருதா?"

கேட்டவள் என் நாத்தனார். ஒரே பன்றி இறைச்சி ஆலையில்தான் இருவருக்கும் வேலை.

"என் கையை நான் பாத்துக்கறேன். நீ உன் பன்றியைப் பாரு."

கத்திக்காரர் சிரித்தார். "வீட்டுச் சண்டையைப் பன்றி முதுகுலயா போடுவீங்க?"

கடைசிப் பன்றி நெடுக இரண்டாகப் பிளந்து கொக்கியில் தொங்கியது. இடது பாதி எனக்கு, வலது பாதி அவளுக்கு. யார் அளவு சரி என்ற போட்டியில் அதுவரை இருவரும் சமம்.

ஜெயித்தால் அளவெடுக்கும் வேலை. தோற்றால் குடல் கழுவும் அறை. இத்தனை நாள் அங்கேதான் இருந்தேன். அந்த ஐஸ் தண்ணீரில் விரலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

அளவெடுப்பது அழகான வேலை. துப்பாக்கி போல ஒரு பிடி, முன்னால் நீளமான ஊசி, ஊசி நுனிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். கொழுப்பு வெள்ளை; வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். சதை சிவப்பு, விழுங்கிவிடும். வெளிச்சம் எங்கே மாறுகிறதோ அதுதான் இரண்டுக்கும் எல்லை. அதை வைத்து, நூற்றுக்கு எவ்வளவு சதை என்று கருவியே கணக்குப் போட்டுச் சொல்லும்.

ஆனால் எங்கே குத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விலா எலும்பைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஒரு பன்றிக்குப் பதினான்கு ஜோடி இருக்கும், இன்னொன்றுக்குப் பதினாறு. முன்னாலிருந்து எண்ணினால் மாட்டிக்கொள்வோம். கடைசியிலிருந்து மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் குத்த வேண்டும். ஒரு விலா முன்னே போனாலும் போச்சு. தோள் பக்கம் கொழுப்பு தடிமன். சதையைக் குறைத்துக் காட்டும்.

அவள் தப்பாக எண்ணமாட்டாள். அவள் எதைத்தான் தப்பாகச் செய்தாள்? சமைத்தது நானாக இருந்தாலும், உப்பு போதுமா என்று என் வீட்டுக்காரர் அவளிடம்தான் கேட்பார். விருந்தாளி வந்தால் மாமியார் அவளைப் பாடச் சொல்வார். நான் டீ போடப் போய்விடுவேன். அடுப்புக்கு முன்னால் என் வயிறு எரியும்.

நான் சொன்னது ஐம்பத்தேழு. அவள் சொன்னது ஐம்பத்து நான்கு.

இரண்டு பாதியிலும் சதை ஒரே அளவுதான் என்பதால், கத்திக்காரர் இடது பாதியை மட்டும் மேஜையில் போட்டு, சதை வேறு, கொழுப்பு வேறு, எலும்பு வேறாகப் பிரித்தார். மேற்பார்வையாளர் எடை போட்டுக் கணக்குப் பார்த்தார்.

ஐம்பத்தேழு.

மூன்று புள்ளி! தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பு தெரியாமலிருக்க. அவள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு குடல் அறைக்குப் போனாள்.

எவ்வளவு தப்பாகக் குத்தியிருக்கிறாள் என்று கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் போலிருந்தது. குளிரறைக்குள் போய் வலது பாதியைத் திருப்பினேன். கடைசி விலாவில் விரலை வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், அச்சு அசலாகச் சரியான இடத்தில், ஒரு துளை.

அதற்கு ஒரு விலா முன்னே, ஐம்பத்து நான்கு காட்டும் இடத்தில், இன்னொரு துளை.

என் கைக்கட்டு பன்றியின் ஈரத்தில் நனைந்திருந்தது.

சுவருக்கு அப்பால் தண்ணீர் கொட்டும் சத்தம். அதற்கு மேலே அவள் பாட்டு.

அதிலும் ஒரு பிசிறு இல்லை.