அத்திமரத்துக் குரங்கு

கூட்டத்திலிருந்து துரத்தப்பட்ட வயதான குரங்கு ஒன்று, ஆற்றோரத்து அத்திமரத்தில் தனியே இருந்தது. உதிர்ந்த பழங்களைத் தின்ன நொண்டி மான் ஒன்று மரத்தடிக்கு வரும்.

"இப்படித் தனியாக இருக்கிறாயே, வருத்தமாக இல்லையா?" என்று மான் ஒருநாள் கேட்டது.

"எதற்கு வருத்தம்? சண்டை கிடையாது, பங்குக்கு ஆள் கிடையாது. என் சந்தோஷத்துக்கு நானே போதும்" என்றது குரங்கு. அதை மனதார நம்பித்தான் சொன்னது. ஆனாலும் மறுநாளிலிருந்து, நன்றாகக் கனிந்த பழங்களாகப் பார்த்துப் பறித்துக் கீழே போட்டது.

ஒரு மாலை மான் குனிந்து தின்றுகொண்டிருந்தபோது, புதருக்குள் சிறுத்தை பதுங்கி வருவதைக் குரங்கு கண்டது. தொண்டை கிழியக் கத்தியது. மான் துள்ளி ஆற்றில் பாய்ந்து அக்கரைக் காட்டுக்குள் மறைந்தது.

இரை தப்பிய சிறுத்தை அண்ணாந்து பார்த்தது. "அது உனக்கு உறவா?"

"இல்லை."

"பிறகு எதற்குக் கத்தினாய்?"

குரங்கு மான் போன அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பயந்துபோன மான் அதன்பின் இக்கரைக்கு வரவே இல்லை. கத்தியதால் வந்த தொண்டைவலி குரங்குக்கு ஒரு வாரம் இருந்தது. வலித்த நாளெல்லாம் அது நிறைவாகவே இருந்தது. வலி விட்ட அன்றுதான், தான் தனியாக இருப்பது அதற்கு உறைத்தது.