தொப்பித் தவளையின் பாட்டு

“தண்ணி கேக்கறதுக்குக்கூட அந்தத் தவளக் கொரலா? வாயத் தொறந்து ஒயுங்கா கேளுய்யா!”

மேரி சொம்பை ணங்கென்று வைத்தாள். ஞானதாஸ் சிரித்தான்.

“மாஸ்டர் சொல்லிகீறாரு மேரி. ஒரு வருசத்துக்கு வேற கொரல்ல பேசக் கூடாதாம். பேசினா கத்துக்கினது போய்டுமாம்.”

கீச்சென்று தொடங்கி, நடுவில் உடைந்து, கரகரவென்று முடிந்தது அந்தக் குரல். உத்திரமேரூர் பஞ்சாயத்து டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை வரும் கார்ட்டூனில் தொப்பி போட்ட தவளை ஒன்று இப்படித்தான் பாடும். பாஷை யாருக்கும் புரியாது. ஆனாலும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

மகள் அம்முலுவும் சிரித்தாள். “நைனா, இன்னொரு தபா பாடு நைனா!”

அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு பாடினான்.

ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன்தான். ஆனால் ஞாயிறு ஆராதனையில் அவன் எழுந்து பாடினால், பக்கத்து ஊர் திருப்புலிவனத்துக்காரர்கள்கூட சைக்கிளை நிறுத்திவிட்டு சர்ச் வாசலில் நின்று கேட்பார்கள். அந்தப் பாட்டில் மயங்கித்தான், பழையசீவரத்திலிருந்து வந்த வாத்தியார் மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு மேரி இவனைக் கட்டிக்கொண்டாள்.

போன மாதம் திடீரென்று, “செங்கல்பட்டுல வேதாசலம்னு ஒரு மாஸ்டர் கீறாரு. கார்ட்டூன் பாட்டு கத்துக்கினு வரேன்” என்று கிளம்பினான். பத்து நாள் கழித்து இந்தக் குரலோடு பஸ்ஸை விட்டு இறங்கினான்.

“எல்லாம் போவட்டும்” என்றாள் மேரி. “வெள்ளிக்கெயம தானியேலு கல்யாணம். என் தம்பி கல்யாணத்துல ஒரே ஒரு பாட்டு, உன் சொந்தக் கொரல்ல பாடிடு. அப்பறம் தவளயா கத்து, நரியா ஊளயிடு. நான் இன்னான்னு கேக்கமாட்டேன்.”

ஞானதாஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் போதகர் அவன் பெயரைச் சொல்லி அழைத்தார். ஞானதாஸ் எழுந்தான். முதல் வரியிலேயே பின்னால் யாரோ களுக்கென்றார்கள். இரண்டாவது வரிக்கு சபையே சிரித்தது. பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற தானியேல் தலையைக் குனிந்துகொண்டான். ஞானதாஸ் கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

வெளியே வந்ததும் மேரி அவன் சட்டையைப் பிடித்தாள்.

“என் தம்பி மூஞ்சில கரியப் பூசிட்டியேய்யா! இனிமே என் வூட்ல உன் கொரலே கேக்கக் கூடாது. கேட்டுச்சி, நான் கெணத்துல வியுந்துடுவேன்.”

அன்றிலிருந்து ஞானதாஸ் வாய் திறக்கவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்தினான். அம்முலு காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள். அவள் தலையைத் தடவினானே தவிர, பாடவில்லை. வீடு எழவு விழுந்த வீடு மாதிரி கிடந்தது.

நாலாம் நாள் மேரிக்குப் பொறுக்கவில்லை. கணவனை இப்படி ஆக்கிய அந்த மாஸ்டரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள்.

“வேதாசலம் வூடு எதுமா?” என்று ஒரு பூக்காரியிடம் கேட்டாள். அவள் பச்சை கேட் ஒன்றைக் காட்டினாள். கேட்டில் ஏதோ போர்டு தொங்கியது. மேரிக்குப் படிக்கத் தெரியாது. உள்ளே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ‘இத்தினி பேரு கத்துக்க வந்துகீறானுங்களா!’ என்று நினைத்துக்கொண்டே அறைக் கதவைத் தள்ளினாள்.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்.

“நீதானய்யா வேதாசலம்? தங்கமாட்டம் பாடினு இருந்த மனுசன். தவளப் பாட்டு கத்துக்குடுத்து கெடுத்துட்டியே! சபையே சிரிக்குது. இப்ப பேசறதயே வுட்டுட்டான். எம்புருசன் கொரல எனுக்குத் திருப்பிக் குடு!”

“எந்த ஊரும்மா?”

“உத்தரமேரூரு. ஞானதாஸு பொண்டாட்டி.”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“உட்காரும்மா. நான் பாட்டு வாத்தியார் இல்ல, தொண்டை டாக்டர். அவருக்குத் தொண்டைக்குள்ள கட்டி. எடுக்கலைன்னா ஆளு பிழைக்கமாட்டார், எடுத்தா சாகிற வரைக்கும் உடைஞ்ச குரல்தான்னு முன்னாடியே சொன்னேன். ‘கொரலு பூட்ச்சின்னு தெரிஞ்சா எங்கூட்டுக்காரி அழுவா சார். நானா ஆசப்பட்டு கத்துக்கினேன்னு சொன்னா திட்டுவா... திட்டிக்கினு கெடக்கட்டும் சார், அழ வோணாம்’னு சொல்லிட்டுப் போனாரும்மா.”