வளைவில் குதிக்கும் கார்

"கியர்பாக்ஸைக் கொன்னுட்டான் இந்த மனுஷன்!"

சொல்லிக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாள் நோலீன். கையில் தட்டு நிறைய சூடான சீஸ் ரோல். பின்னால் அவள் கணவன் மர்ரே, தலையைத் தொங்கப் போட்டபடி.

மெக்கானிக் ரேவின் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரான்ஃபர்லி ஊரில் எந்தக் காருக்கு உடம்புக்கு வந்தாலும் அவளிடம்தான் வரும்.

"என்ன பண்ணுது?"

"நேரா போனா சமர்த்தா போகுது. வளைச்சுத் திருப்பினா ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்குது. எல்லாம் இவன் வேலை. நாலு சக்கரமும் இழுக்கிற கார்தானேன்னு போன மாசம் ஆட்டு ட்ரெய்லரைக் கட்டி இழுத்தான். இருபத்திரண்டு வயசுக் கார் இது!"

மர்ரே தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"டுனீடன் டவுன்ல எங்க பொண்ணு ட்ரூடிக்குப் பிரசவ வலி எடுத்தாச்சு. முதல் பேரக்குழந்தை. மலை ரோடு பூரா ஐஸு. மத்தியானத்துக்குள்ள கிளம்பணும், ரேவின்."

"ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போயிருந்தா ரிப்பேர் செலவு கார் விலையை விட அதிகம். நேரா காயலான் கடைதான்," என்றாள் ரேவின்.

நோலீனுக்கு முகம் வெளுத்துப்போனது. கணவனைப் பார்த்த பார்வையில் மனிதன் பாதியாகிவிட்டான்.

"ரெண்டு பேரும் ஏறுங்க."

ரேவின் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வாசலில் இருந்த தார்த் தரையில் வட்டமடித்தாள். கார் தடக் தடக்கென்று குதித்தது. பின் சீட்டில் நோலீனும் குதித்தாள். ஒரு சீஸ் ரோல் பறந்து போய் மர்ரேயின் தொப்பியில் உட்கார்ந்தது. எதிர் மதுக்கடையிலிருந்து நாலு பேர் வெளியே வந்து கை தட்டினார்கள்.

"கியர் பட் பட்டுன்னு சரியா மாறுதே," என்றாள் ரேவின். இறங்கி, கியர் ஆயிலைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். "கருகின வாசனையும் இல்ல."

பானெட்டுக்குள் ஒரு காலித் துளையில் சின்ன ஃபியூஸ் ஒன்றைச் சொருகினாள். "இப்போ முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். ஏறுங்க."

மறுபடி வட்டம். இந்த முறை கார் வெண்ணெயாக வழுக்கிப் போனது. ரேவின் சந்தோஷத்தில் ஏழெட்டுச் சுற்று கூடுதலாகவே சுற்றினாள். மர்ரேக்குத்தான் தலை சுற்றியது.

"கியர்பாக்ஸ் குத்துக்கல்லாட்டம் இருக்கு! முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது, அவ்வளவுதான்."

"ஏன் போடுது?"

"நாலும் ஒரே அளவா இல்லாட்டி போடும்."

டேப்பை எடுத்து ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி அளந்துகொண்டு வந்தாள். முன்னால் இரண்டும் ஒரே அளவு. பின்னால் வலது பக்கம் ஒன்றரை விரற்கடை குறைவாக இருந்தது.

"இது மொட்டை டயர். நான் மாட்டினது இல்லையே இது?"

மர்ரேயின் காது சிவந்தது.

"வித்துட்டியா?" நோலீன் கத்தினாள். "ஐஸ்ல கல்லைத் தள்ளிக் கர்லிங் ஆடுற கூட்டத்தோட பீர் குடிக்க டயரை வித்துட்டியா?"

"பக்கத்து வீட்டு லோசாவுக்குக் குடுத்துட்டேன்," என்றான் மர்ரே தரையைப் பார்த்து. "ராத்திரி டூட்டி நர்ஸு, ரெண்டு சின்னப் புள்ளைங்க. அவளுதும் இதே கார். பின் டயர் ரெண்டும் மொட்டைன்னு ரேவின்தான் ரோட்டுல ஓட்டச் சான்று தராம அனுப்பினா. வாங்கித் தரேன்னா அவ ஒத்துக்க மாட்டேங்கிறா. அதான் பகல்ல அவ தூங்கறப்போ நைசா மாத்தி மாட்டிட்டேன். ரெண்டையும் மாத்தியிருப்பேன், அதுக்குள்ள நீ வந்துட்டே."

"கூறு கெட்டவனே! தன் காரைக் கழட்டி ஊருக்குக் குடுப்பானா ஒருத்தன்? கட்டினவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாம்? மொட்டை டயரோட ஐஸ்ல என்னை மலையேத்தப் பார்த்திருக்கியே! நாற்பத்தொரு வருஷமா உன்னோட..."

அந்த நாற்பத்தொரு வருஷமும் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தது. மர்ரே தொப்பியிலிருந்த சீஸ் ரோலை எடுத்துத் தின்றான்.

ரேவின் மட்டும் தலையைச் சொறிந்தாள். "ஒரு டயர் மட்டும் தேய்ஞ்சிருந்தா கார் இவ்வளவு குதிக்காதுதானே..."

டேப்போடு பின்னால் இடது பக்கம் போனாள். நோலீனின் பேச்சு சட்டென்று நின்றது. ஓடிப்போய் அந்தச் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இதெல்லாம் சரியாத்தான் இருக்கும். வாயேன், முதல்ல ஒரு டீ குடிப்போம்."

"கொஞ்சம் நகருங்க நோலீன்."

அளந்தாள். அதுவும் ஒன்றரை விரற்கடை குறைவு. அதுவும் மொட்டை.

"சத்தியமா நான் ஒண்ணுதான் மாத்தினேன்!" என்று அலறினான் மர்ரே.

ரேவின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் பானெட்டில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "முன் டயர் அளவுலயே நல்லதா ரெண்டு என்கிட்ட கிடக்கு. அரை மணி நேரத்துல மாட்டித் தரேன், பேரனோ பேத்தியோ போய்ப் பாருங்க."

மர்ரே இன்னும் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அப்படிப் பாக்கிறே?" என்றாள் நோலீன், தட்டை அவன் பக்கம் நீட்டி. "வியாழக்கிழமை எட்டிப் பாத்தேன், லோசா கார்ல பின்னாடி ஒரு பக்கம் மட்டும் நல்ல டயர் இருந்துச்சு. பாவம், இன்னொண்ணு வாங்க முடியல போலிருக்குன்னு நெனச்சேன்."