கண் மூடிய நேரம்

ராக்காயி மறுபடியும் டிரசர் வீட்டுப் படியேறுவதைப் பார்த்ததும் கிணற்றடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கதவு சாத்தப்பட்ட பிறகுதான் மாரியம்மா வாயைத் திறந்தாள்.

“மக செத்த ஈரம் காயல. அந்தாளு பொண்டாட்டியோ யாழ்ப்பாணத்துல கெடக்கு. நல்லாத்தான் இருக்குலா.”

தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயம் முழுக்க இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அந்த வீட்டுக்குள் நடந்ததோ வேறு.

விஸ்வலிங்கம், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரி டிரசர். காய்ச்சலுக்கு மருந்தும் காயத்துக்குக் கட்டும் அவர் கையால்தான். பக்கத்து நகரமான ஈப்போவில் சுண்ணாம்புக் குகை ஒன்றில் தங்கியிருந்த துறவியிடம் தியானம் பழகியிருந்தார். ஓய்வு கிடைத்தால் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்.

மகள் பாப்பாவைப் புதைத்த பிறகு ராக்காயி சோற்றைத் தொடவில்லை. தூக்கமும் போயிற்று. ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மருந்து எதுவும் கேட்கவில்லை. ஐயா செய்கிற தியானத்தைத் தனக்கும் சொல்லித் தர முடியுமா என்று கேட்டாள். டிரசருக்குக் கண் கலங்கிவிட்டது. தோட்டத்தில் இப்படி ஒருத்தி வந்து கேட்பாள் என்று அவர் நினைத்ததே இல்லை.

முதல் நாள் பாயைக் காட்டி உட்காரச் சொன்னார். எப்படி என்று அவர் விளக்குவதற்குள் அவள் காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். துறவி கற்றுத் தந்த அதே இருப்பு. யார் காட்டித் தந்தது என்று வியந்துபோய்க் கேட்டார். அவள் கண்ணைத் திறந்து சன்னலை ஒருமுறை பார்த்தாள்.

மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தார். பிறகு பிரியமான ஒருவரை நினைத்து, அவர் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தச் சொன்னார். அடுத்து முன்பின் தெரியாத ஒருவரை. எல்லாவற்றுக்கும் கடைசியில், தீங்கு செய்தவரை.

தீங்கு செய்தவர் யார் என்பதில் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ரப்பர் விலை ஏறியிருந்த வருடம் அது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்த அன்றும், அழுத ராக்காயியை மரத்துக்கு விரட்டியவர் ஐயாவு கங்காணி.

மத்தியானம் அவள் லயத்துக்கு ஓடிவந்தபோது பிள்ளைக்கு வலிப்பு கண்டிருந்தது. ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. டிரசர் அன்று ஈப்போ போயிருந்ததாக அவரே பிறகு எல்லோரிடமும் சொல்லி வருந்தினார். வெயில் தாழ்வதற்குள் பாப்பா அடங்கிவிட்டாள்.

“ஐயாவுவின்ரை முகத்தை மனசிலை கொண்டு வா,” என்பார் டிரசர். “அவனும் நல்லா இருக்கட்டும் எண்டு சொல்லு. உன்ரை நெஞ்சுப் பாரம் இறங்கும்.”

ராக்காயி ஒருமுறை கண்ணைத் திறந்து அவரைப் பார்ப்பாள். பிறகு மூடிக்கொள்வாள்.

பாரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. ஒரு வாய் சோறு உள்ளே போயிற்று. விடியும்வரை தூங்க முடிந்தது. டிரசரும் இப்போது நன்றாகத் தூங்கினார்.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கும். யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். பெண் குரல் ஒன்று டிரசரைக் கூப்பிட்டது.

“எழும்பாதை,” என்றார் விஸ்வலிங்கம், கண்ணைத் திறக்காமலே. “சத்தம் வரும், போகும். நீ மூச்சைப் பார்.”

ராக்காயி எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். மாரியம்மா நின்றிருந்தாள். பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டும்போது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்த துணி நனைந்து ரத்தம் சொட்டியது. ராக்காயி அவளை உட்காரவைத்து, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் டிரசரும் எழுந்து வந்தார். காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டு அனுப்பினார். மாரியம்மா தலை நிமிராமல் போனாள்.

திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தவர், ராக்காயியிடம் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். இந்த நேரத்தில் யார் தட்டினாலும் எழும்பக் கூடாது, பாதியில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்றார்.

ராக்காயி உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடியே பேசினாள். குரல் உயரவில்லை.

“அன்னைக்குப் பாப்பாவத் தோள்ல போட்டுக்கிட்டு இதே கதவத் தட்டினேங்க. தொறக்கல. அந்தச் சன்னலுக்குப் போய்க் கூப்பிட்டேன். நீங்க ஈப்போவுக்குப் போகல. இந்தப் பாயிலதான் கண்ண மூடி ஒக்காந்திருந்தீங்க.”

விஸ்வலிங்கம் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு புள்ள சாகுறப்பகூட எந்திரிக்க முடியாதபடி இதுல என்னதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். தூக்கம் வருது. அது நெசந்தான்.”

அவள் கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

“ஆனா, எந்திரிக்க முடியுதே, ஐயா.”