மூன்றாவது பரிசோதனை

"மாத்திரையை முழுசா முடிச்சியா, இல்ல எரிச்சல் நின்னதும் நிறுத்திட்டியா?"

பரிசோதனைச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் டாக்டரம்மா. எதிரே ஸ்டூலில் தையல்காரி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சு நாளும் முடிஞ்சுதுங்க, டாக்டரம்மா."

"அப்புறம் எப்படி? ரெண்டே மாசத்துல இது மூணாவது தடவை. யூரின்ல போன தடவையைவிடச் சீழ் அதிகம். இப்ப ரத்தமும் கலந்து போகுது. காய்ச்சல் உண்டா?"

"உண்டுங்க. குளிர் நடுக்கமும் இருக்கு. நேத்து ரெண்டு போர்வை போர்த்தியும் நிக்கல."

தெர்மாமீட்டரில் காய்ச்சலே இல்லை. டாக்டரம்மா எழுந்து வந்து, அவள் முதுகில் விலாவுக்குக் கீழே முஷ்டியால் மெதுவாகத் தட்டினார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க... வலிக்கணுமா?"

"என்னம்மா, பரீட்சையா எழுதறே? விடையை எங்கிட்டயே கேக்கறே!"

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இந்தக் கிருமி மேல ஏறி கிட்னியைத் தொட்டுடுச்சுன்னா மாத்திரைக்கு அடங்காது. ஊசியாத்தான் ஏத்தணும். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே அட்மிட் ஆயிடு."

"ஐயோ, நான் அட்மிட் ஆனா அவங்களுக்கு எப்படிங்க குணமாகும்?"

சொன்ன பிறகுதான் தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எவங்களுக்கு?"

"என்னுது இல்லைங்க. மாடி வீட்டம்மாவோடது. எழுபத்திரண்டு வயசு. பாட்டில்ல கொண்டுவந்து, இங்க பாத்ரூம்ல வெச்சு உங்க கப்புல ஊத்திக் குடுத்தேன். மாத்திரையெல்லாம் அவங்கதான் முழுங்கினாங்க."

"அடிப்பாவி! உன்னைப் பாத்துல்ல மருந்து எழுதினேன்? அந்த வயசுக்கு அளவே வேற. சர்க்கரை இருக்கா, வேற என்ன மருந்து சாப்பிடறாங்க, ஒண்ணுமே கேக்கலையே! நேர்ல வந்தா என்ன அவங்களுக்கு?"

"நாங்க கீழ குடிவந்து மூணு மாசம்தாங்க ஆகுது. எனக்குத் தெரிஞ்ச மட்டும் கெஞ்சிப் பாத்துட்டேன். காட்டினா இந்த டாக்டர்கிட்டதான் காட்டணுமாம். ஆனா வரவும் மாட்டாங்களாம். பொண்ணுக்குத் தெரிஞ்சா வேலையை அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுமாம்."

"ஓ, பொண்ணு வேற இருக்காளா?"

"வாரா வாரம் போன் வரும். நல்லா இருக்கேன்னு சொல்லி இவங்க வெச்சுடுவாங்க."

"பெத்தவ நல்லா இருக்கேன்னு சொன்னா, போதும்டா சாமின்னு விட்டுடறதா? ரொம்ப நல்ல பொண்ணு!" டாக்டரம்மா நர்ஸ் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், ஆம்புலன்ஸை ரெடி பண்ணச் சொல்லுங்க. ஒரு பெட்டும் வேணும்." பிறகு பேனாவைத் திறந்தார். "நீ அந்தப் பொண்ணோட நம்பரைக் குடு. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

"உசுருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் கூப்பிடணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்றபடி, கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்து, ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள் தையல்காரி.

சீட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்த டாக்டரம்மாவின் பேனா ஆறாவது எண்ணில் நின்றது.

மீதி நாலையும் வாசித்துவிட்டுத் தையல்காரி நிமிர்ந்தபோது, நாற்காலி காலியாக இருந்தது. வாசலில், "அம்மாவுக்குங்க... எங்க அம்மாவுக்கு!" என்று ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தார் டாக்டரம்மா.