யூதாஸுக்குப் பின்வாசல்

"எல்லாம் கடவுளோட திட்டம்னு நீங்கதானே பிரசங்கம் பண்றீங்க? அப்புறம் எதுக்குய்யா என்னைப் பார்த்து மட்டும் காறித் துப்புறாங்க?"

இயேசுவைக் காட்டிக் கொடுத்த யூதாஸின் அங்கியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு போதகரை மறித்தார் குழாய் ரிப்பேர்க்காரர். நாடகம் தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. ஆலயத்தின் பின்கட்டில் இருந்த ஞாயிறு பள்ளி அறைதான் ஒப்பனை அறை. உள்ளே பதினோரு சீடர்கள் ஒரே ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்று, தாடி ஒட்ட இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாடகம்தானே தம்பி! உன் நடிப்பு அவ்வளவு தத்ரூபம்னு அர்த்தம்" என்றார் போதகர்.

"ஆறு வருஷமா தத்ரூபமாத்தான் இருக்கேன். என் மகளை ஸ்கூல்ல யூதாஸ் பொண்ணுன்னு கூப்பிடுறாங்க. நாடகம் முடிஞ்சதும் இவங்க எல்லாம் முன்வாசல்ல நின்னு ஜனங்களுக்குக் கை கொடுப்பாங்க. நான் மட்டும் பின்வாசல் வழியா, குப்பைத்தொட்டியைத் தாண்டி ஓடணும். இந்த வருஷம் நானும் முன்வாசல்லதான் நிப்பேன். பெண்டாட்டி பிள்ளையோட."

"அதெப்படி முடியும்? யூதாஸ் பின்வாசல்லதான் போகணும். நான் இந்தச் சபைக்கு வர்றதுக்கு முந்தியே இருக்கிற வழக்கம்."

"அந்தப் பின்வாசல் வேதத்துல எந்த அதிகாரத்துல இருக்கு?"

போதகர் இருமினார்.

"சரி, இதையாவது சொல்லுங்க. யூதாஸ் காட்டிக் கொடுக்கலேன்னா என்ன ஆகியிருக்கும்?"

"காட்டிக் கொடுக்காம எப்படி? தீர்க்கதரிசனம் நிறைவேறணுமே! சிலுவை இல்லேன்னா மீட்பு ஏது?"

"அப்போ அந்த வேலையை யாராவது செஞ்சே ஆகணும்?"

"ஆகணும்."

"செஞ்சவனுக்கு மட்டும் நரகம்?"

"அவன் பிறக்காமலே இருந்திருக்கலாம்னு ஆண்டவரே சொல்லிட்டாரே, தம்பி."

"பிறக்காம இருந்திருந்தா உங்க திட்டத்தை யாரு முடிச்சுக் கொடுக்கிறது? பள்ளம் தோண்டுன்னு ஆளைக் கூப்பிட்டு, தோண்டி முடிச்சதும் ரோட்டைக் கெடுத்துட்டான்னு போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கிற மாதிரியில்ல இருக்கு!"

கண்ணாடி முன்னாலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. உயர்நிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர். பதினெட்டு வருடமாகப் பேதுருவாக நடித்து, இயேசு பேதுருவிடம் கொடுத்த சொர்க்கத்தின் சாவி நிஜமாகவே தன் சட்டைப்பையில் கிடப்பதாக நம்பத் தொடங்கிவிட்டவர்.

"திட்டம் அது இதுன்னு சாக்குச் சொல்லாதேப்பா. மனசு சுத்தமா இருக்கிறவன் காட்டிக் கொடுப்பானா? அன்னிக்கு அங்கே நான் இருந்திருந்தா, கழுத்துல கத்தியை வெச்சாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்."

"சார், இயேசுவையே தெரியாது தெரியாதுன்னு மூணு தடவை வாயைத் திறந்தது உங்காளு. அவருக்குச் சாவிக்கொத்து. எங்காளு, தப்புன்னு தெரிஞ்சதும் வாங்கின முப்பது வெள்ளிக்காசைக் கொடுத்தவங்க மூஞ்சிலயே விட்டெறிஞ்சுட்டுப் போனான். அவனுக்குத் தூக்குக்கயிறு. என்ன சார் நியாயம் இது?"

"பேதுரு அழுதார்யா! விக்கி விக்கி அழுதார்! இந்தத் தடவை அந்த அழுகையை ஏழு நிமிஷத்துக்கு இழுத்து வெச்சிருக்கேன். முன்வரிசையில பிஷப் வந்து உக்காந்திருக்கார். நீ போய் ஒழுங்கா முத்தம் கொடுத்து ஆளைக் காட்டிட்டு இறங்கு."

தோமா வேஷம் கட்டியிருந்த மருந்துக்கடைக்காரர் பாதித் தாடியோடு ஓடி வந்தார். "யப்பா, நீ மக்கர் பண்ணா என் சீனும் போச்சு! இயேசு உயிர்த்தெழுந்ததை நான் சந்தேகப்படுறதைப் பார்க்க என் மாமியார் வீடே திரண்டு வந்திருக்கு!"

மணி அடித்தது. குழாய்க்காரர் அங்கியை மாட்டிக்கொண்டார். போதகர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

மேடையில், இயேசு பிடிபடும் கெத்செமனே தோட்டம். போதகர் வீட்டுப் பூந்தொட்டிகள் நான்கு. நடுவில் இயேசு, தாடி சொந்தமாக இருந்த ஒரே தகுதியில் தேர்வான பல் டாக்டர். சுற்றிலும் பதினோரு பேர். எதிரே ஈட்டிகளோடு சேவகர்கள்.

"இவர்களில் இயேசு யார்? காட்டு!" என்று உறுமினான் சேவகர் தலைவன்.

குழாய்க்காரர் கூட்டத்தைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி. பக்கத்தில் மகள், வழக்கமான கூச்சலுக்குப் பயந்து இப்போதே காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"காட்ட மாட்டேன். வந்த வழியைப் பார்த்துப் போங்கடா."

கூச்சல் எதுவும் எழவில்லை. ஒருவரும் துப்பவில்லை. மகள் காதிலிருந்து கையை எடுத்தாள்.

சேவகர் தலைவனுக்கு இதற்கு மேல் வசனம் கிடையாது. திரைமறைவில் போதகர் தாள்களைப் புரட்டோ புரட்டென்று புரட்டினார். பிஷப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி, நாமே முன்வந்து ஏதாவது சொல்லிவிடலாமென்று இயேசு வாயைத் திறந்தார்.

அதற்குள் பேதுரு ஒரே தாவாகத் தாவி, அவர் தோளைப் பிடித்துச் சேவகர்கள் பக்கம் தள்ளினார்.

"இவர்தான்யா! சீக்கிரம் பிடிச்சுட்டுப் போங்க, என் சீன் பாக்கி இருக்கு!"

மற்ற பத்துச் சீடர்களும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, ஒரே நேரத்தில் இயேசுவை நோக்கிக் கையை நீட்டினார்கள்.