எட்டாவது ஜன்னல்

கண்ணாடியில் ஐந்து கரிக் கோடுகள்.

எனக்கு வந்ததே கோபம்! வேலையை முடித்துவிட்டு, படகைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துக்கொண்டு வருகிறேன். ஏழாவது ஜன்னலில் எவனோ கரிக்கையை வைத்து இழுத்துவிட்டிருக்கிறான். காலையில்தான் துணி போட்டுப் பளபளவென்று துடைத்திருந்தேன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். அப்போதும் போகவில்லை.

ரோகிணி மேடத்தின் பாய்மரப் படகு இது. மாமல்லபுரத்துக்கு வெளியே ஒரு சவுக்குத்தோப்பில், கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் எட்டும் மஞ்சள் பூத்து, விரிசல் விட்டு, மழை பெய்தால் உள்ளே ஒழுகும். போர்ட்லைட் மாற்ற வேண்டும் என்று மேடம் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேரில் வந்து பார்த்தால், அட, ஜன்னல்தானே! படாளத்தில் அலுமினிய ஜன்னல் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

"காத்துகூட உள்ள பூராது மேடம்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

சொன்னபடிதான் செய்தேன். உள்ளே என் பெண்டாட்டி வேண்டா நட்டைப் பிடித்துக்கொள்வாள், வெளியிலிருந்து நான் போல்ட்டை முறுக்குவேன், பிறகு சட்டத்தைச் சுற்றி சிலிகான் பசை. ஏழு ஜன்னலோடு டியூப் காலி. எட்டாவதுக்குச் சும்மா போல்ட்டை மட்டும் முறுக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன். கண்ணாடிமேல் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூட உரிக்கவில்லை. பசை போட்டு முடித்த பிறகுதான் அதை உரிப்பது வழக்கம்.

படகின் வயிறு வளைவு. சட்டம் நேர். இரண்டுக்கும் நடுவில் நகம் நுழைகிற சந்து இருந்தது.

வேண்டா விடுவாளா? பெயருக்குத்தான் என் பெண்டாட்டி, கடைக்கு முதலாளி அவள்தான்.

"யோவ், இன்னாயா இது? சந்துல காத்து வந்துகினு கீது, வேல முடிஞ்சிச்சின்ற? போய் இன்னொரு டியூப் வாங்கினு வா. அதுக்குள்ள நான் சாம்பிராணி போட்டு வெக்கிறேன்."

எந்த வீட்டில் ஜன்னல் மாட்டினாலும் சாம்பிராணி காட்டாமல் அவள் கிளம்பமாட்டாள். இங்கே மெத்தையெல்லாம் பூஞ்சை நாற்றம் வேறு. முக்குக்குப் போய் இஸ்திரி வண்டிக்காரரிடம் சட்டி நிறையக் கங்கு கேட்டு வாங்கி வந்தாள். நாங்கள் வேலை செய்கிற வீடுகளில் வாசற்கதவுகூட மாட்டியிருக்காது. புகை தன்பாட்டுக்கு வெளியே போய்விடும்.

நான் திரும்பி வந்தபோது ஆளைக் காணோம். படகுக் கதவு சாத்தியிருந்தது. புகை நன்றாகப் பிடிக்கட்டும் என்று சாத்திவிட்டு டீக்கடைப் பக்கம் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை துடைக்கும்போதுதான் உறைத்தது.

கரி வெளியில் இல்லை. உள்ளே இருக்கிறது.

கோடுகள் பக்கவாட்டில் போயிருந்தன. யாரோ சுவரைத் தடவிக்கொண்டே எட்டாவது ஜன்னலை நோக்கிப் போயிருக்கிறார்கள்.

"ஏய், வேண்டா!"

கண்ணாடியை ஓங்கித் தட்டினேன்.

ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவை இழுத்தேன். சூடும் புகையும் முகத்தில் அடித்தன. மூடின அறையில் கங்கு வைத்தால் இருக்கிற காற்றையெல்லாம் தின்றுவிடும். இது தெரியாதவனா நான்? எனக்கு ஏன் தோன்றவே இல்லை? காற்றுகூடப் புகாது என்று பெருமை பேசிய வாயும் இதுதான்.

எட்டாவது ஜன்னலுக்குக் கீழே, மெத்தைமேல் மண்டி போட்டபடி சரிந்திருந்தாள். முகம் சட்டத்தோடு சாய்ந்திருந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்து மேல்தளத்தில் கிடத்தினேன். கன்னத்தில் தட்டினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். திருக்கழுக்குன்றத்து ஈஸ்வரனைக் கூப்பிட்டேன், அவன் பெயர்கூட வாயில் சரியாக வரவில்லை.

இருமினாள்.

ஒரே ஒரு இருமல். பிறகு வாந்தி எடுத்தாள். பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஏசுபாதம் அண்ணன் தண்ணீரோடு ஓடிவந்தார். கீழே நின்றபடியே நூற்றெட்டுக்குப் போன் போட்டார்.

வேண்டா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் கரி.

"தல சுத்திச்சியா... கதவாண்ட போக காலு வரல. கடைசி ஜன்னல்ல சந்து கீதேன்னு செவுத்தப் புட்ச்சிகினே போய் வாய வெச்சேன். காத்து நல்லாதான் வந்துகினு இருந்துச்சி..."

"பேசாத. படு."

"திடீர்னு நின்னுபோச்சியா. ஏன்னே தெர்ல."

நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

டியூபோடு வந்தவன் முதல் வேலையாக அந்தச் சந்தைத்தான் அடைத்தேன். சட்டத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, ஆட்காட்டி விரலால் வழித்து, அவள் ஒரு குறை சொல்ல முடியாதபடி. காகிதம் ஒட்டிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தது எனக்குத் தெரியாது.

விரலைச் சட்டையில் தேய்த்தேன். பசை இன்னும் காயவில்லை.